மதுராந்தகம் வண்டியும் ஒரு சாமந்தி மாலையும்

ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டும் எங்களை இனிமேல் ‘கார்டு’ என்று சொல்லக் கூடாதாம். ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு மாற்றியதால் அந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மட்டும் என் மனைவி சரோஜா என்னை மேனேஜர் என்று கூப்பிட்டிருப்பாளா என்ன! பெயரோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் ஆளே வேண்டாம், ஒரு கருவியை மாட்டிவிட்டால் போதும் என்று வேறு பேசிக்கொள்கிறார்கள். தாம்பரத்து இளைய கார்டுகள் நடத்தும் செல்போன் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒருவர் கேட்டார்: “சார், மதுராந்தகம் பாசஞ்சர்னு ஒண்ணு ஓடிச்சாமே, நெஜமா?”

பதில் எழுத உட்கார்ந்தேன். கட்டைவிரலால் எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. ‘ஓடியது’ என்று மட்டும் போட்டுவிட்டுச் செல்போனை வைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். “என்ன ஆச்சு உங்களுக்கு, ஒரு இடத்துல உக்காரவே மாட்டேங்கறீங்க?” என்றாள் சரோஜா. அந்த வண்டியை நினைத்தால் எனக்கு உட்காரப் பிடிக்காது. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விதிகளை உருப்போட்டோம், மெஸ் சாம்பாரைத் திட்டினோம், பரீட்சையில் தேறினோம். அந்த விதிகளில் ஒன்று மட்டும் இங்கே தேவைப்படும். ஒவ்வொரு ரயிலின் கடைசிப் பெட்டியின் முதுகிலும் பகலில் ஒரு சிவப்புப் பலகை தொங்க வேண்டும். அதில் வெள்ளை எழுத்தில் எல்.வி. என்று இருக்கும். கடைசிப் பெட்டி இதுதான் என்பதற்கு அடையாளம். வண்டி கடந்து போகும்போது ஸ்டேஷன் கேபினில் இருப்பவர் என்ஜினைப் பார்ப்பதில்லை, அந்தப் பலகையைத்தான் பார்ப்பார். பலகை வந்தால் வண்டி முழுசாக வந்துவிட்டது, எந்தப் பெட்டியும் கழன்று பாதையில் நிற்கவில்லை என்று பொருள். அதற்குப் பிறகுதான் பின்னால் வரும் வண்டிக்கு வழி விடுவார்கள். பலகை தெரியவில்லை என்றால் பின்னால் எதுவும் நகராது. அது எத்தனை பெரிய எக்ஸ்பிரஸாக இருந்தாலும் சரி. பலகையை மாட்டுவதும், அது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் கார்டின் பொறுப்பு.

முதலில் பல வருடங்கள் சரக்கு ரயில். சரக்கு ரயில் கார்டுக்கு வீடு என்பது அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுச் சலவைத் துணியை எடுத்துக்கொள்கிற இடம். எப்போது கூப்பிடுவார்கள், எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள், எப்போது திரும்புவோம் என்று கடவுளுக்கும் தெரியாது. விழுப்புரத்தில் கார்டுகளுக்கான ஓய்வறையில் தூங்கிய தூக்கம்தான் அதிகம். தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் மகள் மைதிலி வளர்ந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வந்து தலை துவட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, நீங்க எப்ப ஊருக்குப் போவீங்க?” என்று கேட்டாள்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பது போல ஆசையாகத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மதுராந்தகம் வண்டி வந்தது. எண்பதுகள் முடியப்போகிற நேரம். அப்போது இந்தப் பாதை மீட்டர் கேஜ். செங்கல்பட்டுக்குத் தெற்கே இருந்து தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று வேலைக்கு வருகிறவர்கள் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் மனு மேல் மனு போட்டு, ஒருவழியாக ஒரு பாசஞ்சரை விட்டார்கள். காலையில் தாம்பரத்திலிருந்து காலியாகப் போய், மதுராந்தகத்திலிருந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு திரும்பும். சாயங்காலம் அதே கூட்டத்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும். மற்ற வண்டிகளில் கழித்துக்கட்டிய பெட்டிகள்தான். ஜன்னல் ஷட்டரை இறக்கினால் ஏறாது, ஏற்றினால் இறங்காது.

வண்டியை விடும்போதே ஒரு கத்தியையும் மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். இது சோதனை ஓட்டம்தான், நிரந்தரம் இல்லை என்றார்கள். இதன் வாலைப் பிடித்தாற்போலத் தெற்கிலிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் வரும். அதை மறித்தால் இந்த வண்டி ரத்து. பேச்சே கிடையாது.

எனக்கு அந்த வண்டி கிடைத்தது. தினமும் தாம்பரத்தில் ஏறி, தாம்பரத்திலேயே இறங்கும் வேலை. தினமும் சொந்த வீட்டில் தூக்கம். கார்டு வேலையில் இதைவிடப் பெரிய லாட்டரி கிடையாது. முதல் வாரம் நான் வீட்டிலேயே இருப்பதைப் பார்த்துப் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர், “வேலையை விட்டுட்டீங்களா?” என்று கேட்டார்.

அந்த வண்டி ஜனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோல் கம்பெனிப் பெண்கள், சித்தாள்கள், சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி தைக்கப் போகிறவர்கள், மோர்க்காரர்கள். இவர்கள் எல்லோருக்கும் தலைவி படாளத்துப் பாக்கியம். தாம்பரத்தில் மின்சார ரயில் மாறிப் போய், பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் வாழையிலையும் பூவும் விற்பவள். வெள்ளிக்கிழமை என்றால் சந்தையில் கடை போடுவாள். புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வருவாள். இலைக்கட்டோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். இந்த வண்டி வருவதற்கு முன்னால் அவள் வாரக்கணக்கில் பல்லாவரத்திலேயே கிடந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தவள். “இப்பதான் சார், ராவிக்கு நான் ஆக்கின சோத்த புள்ளைங்க துன்னுது” என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள். எனக்கும் அவளுக்கும் ஒரே கதைதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எக்ஸ்பிரஸ் விஷயம் இந்த ஜனங்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தை நான் வேறு எந்த வண்டியிலும் பார்த்ததில்லை. கூடைகளை ஏற்ற ஒரு கதவு, ஆள் ஏற மறு கதவு என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். ஸ்டேஷன் வருவதற்கு முன்பே உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றிக் கூடையை உள்ளே இழுத்துவிடுவார்கள். பிளாட்பாரத்தில் யாராவது ஆடி அசைந்து வந்தால் பாக்கியத்தின் குரல் கேட்கும். “யோவ், பின்னாடி எக்ஸ்பிரஸ் வருது, நீ இன்னா மாப்ள ஊர்கோலமா வந்துகினு கீற? ஏறு!” ஒரு தடவை ஒரு பெரியவரை ஜன்னல் வழியாகவே உள்ளே இழுத்துப் போட்டார்கள். அவர் செங்கல்பட்டு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். மறுநாள் அவரே முதல் ஆளாக வந்து கூடை வாங்கினார். நான் விசில் ஊதுவதற்குள் வண்டி புறப்படத் தயாராக இருக்கும். கார்டாக எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

எங்கள் பகுதிக்கு இன்ஸ்பெக்டர் வரதராஜன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவரைப் போன்ற அதிகாரிகள் இப்போது இல்லை என்று சொல்வார்கள். அப்போதும் இல்லை, அவர் ஒருத்தர்தான். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், மரியாதை இறங்கும். அவருக்கு நேர்மாறு. குரல் இறங்கும், மரியாதை ஏறும். சந்தோஷமாக இருந்தால் ‘நீ’ என்பார். மனத்தாங்கல் என்றால் ‘நீங்க’. உண்மையிலேயே கொதித்துப்போயிருந்தால் ‘தாங்கள்’ வந்துவிடும். அதோடு சுத்தமான எழுத்துத் தமிழும் வந்துவிடும். “தாங்கள் கொடியை எந்தக் கையில் பிடித்திருந்தீர்கள் என்று தயவுகூர்ந்து சொல்ல முடியுமா?” என்று அவர் கேட்டால் அந்த ஆள் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட மாட்டான். சொல்லக் கூடாததைச் சொல்ல வேண்டிவந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பதாக நினைத்துக்கொண்டு பேண்ட்டில் துடைப்பார். இந்த வண்டிக்கு நேரம் குறித்துக் கொடுத்தவரே அவர்தான். அதனால் வாரம் ஒரு தடவையாவது என் பெட்டியில் ஏறிக்கொள்வார். “ஏகாம்பரம், உன் ஜனங்க என்னைவிட ஸ்ட்ரிக்ட்டுடா” என்று சிரிப்பார்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. எக்ஸ்பிரஸை ஒரு நாளும் மறிக்கவில்லை. நீட்டிப்பு உத்தரவு வரப்போகிறது என்று வரதராஜன் சார் சாடையாகச் சொன்னார். பிறகு ஆயுத பூஜை வந்தது.

சென்னைப் பக்கம் மின்சார ரயிலில் தினமும் போய் வருகிறவர்கள் ஆயுத பூஜைக்கு ரயிலுக்கே பூஜை போடுவது வழக்கம். பூஜையன்று லீவு என்பதால் முந்தின வேலை நாளிலேயே வாழைக்கன்று, தோரணம், பூசணிக்காய் எல்லாம் வந்துவிடும், பொரி சுண்டலும் உண்டு. எங்கள் ஜனங்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? அந்த வருடம் முந்தின நாள் வெள்ளிக்கிழமையாக வாய்த்தது. சந்தைக்குக் கொண்டுபோகும் சரக்கில் பாதியைப் பாக்கியம் வண்டிக்கே கட்டிவிட்டாள். மதுராந்தகத்தில் நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலே மின்கம்பி போகிறது. நீளமான வாழைக்கன்றின் தலையை வெட்டச் சொன்னேன். “இன்னாம்மா, கரன்ட்டு கம்பில மோதிச்சுன்னா நாம அல்லாரும் அப்பளம்தான்” என்று டிரைவர் ஜோசப் அண்ணனும் சத்தம் போட்டார். டிரைவர் கண்ணாடியை மறைத்த தோரணத்தை அவிழ்த்தோம். கடைசியில் வண்டியின் பின்பக்கம் போனேன். பலகை பளிச்சென்று இருந்தது. தினமும் செய்வது போல ஒரு துணியால் துடைத்தேன், இழுத்துப் பார்த்தேன், இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். செங்கல்பட்டிலும் இறங்கிப்போய் அதே மாதிரி பார்த்தேன்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஜோசப் அண்ணன் கையசைத்துக் கூப்பிட்டார். முன்னால் கட்டியிருந்த வாழைக்கன்று ஒன்று சாய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்து என் பெட்டியில் ஏறிக் கொடி காட்டினேன். என் பெட்டி கடைசிதான். ஆனால் உள்ளே இருந்தால் அதன் முதுகு தெரியாது.

வண்டலூரில் சிக்னல் விழவில்லை. விடிந்து வெகுநேரம் ஆகியும் மிருகக்காட்சிசாலைச் சிங்கம் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. “அதுக்கும் பொரி கொடுங்கடி” என்று உள்ளே யாரோ சொல்ல, பெட்டியே சிரித்தது. அப்போது உதவி ஸ்டேஷன் மாஸ்டரும் ஒரு போர்ட்டரும் தண்டவாளத்தில் எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். பின்னால் இருந்த ஸ்டேஷனிலிருந்து, எங்கள் வண்டிக்கு வால் பலகை தெரியவில்லை என்று தகவல் வந்திருக்கிறது. குதித்துப் பின்பக்கம் ஓடினேன்.

பலகை இருந்த இடத்தில் மாலை இருந்தது. தொடை தடிமனில் சாமந்தி மாலை, நடுநடுவே மாவிலை. பலகை மாட்டும் கொக்கியிலேயே மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விலக்கினால் உள்ளே பலகை பத்திரமாக இருந்தது. இரண்டு எழுத்துக்கும் நடுவில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம். என்னோடு ஓடிவந்த போர்ட்டர் அதைப் பார்த்ததும் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகுதான் மாலையைப் பிய்த்து எறிந்தான்.

“ஐயய்யோ, சாமி மாலைய ஏன்யா பிக்கிற!” என்று மேலிருந்து பாக்கியம் கத்தினாள்.

“நீயா போட்ட?” என்றேன்.

“பின்ன? முன்னாடி அல்லாம் ஜோடிச்சுட்டு பின்னாடி மொட்டையா வுடலாமா? நீ தெனம் வந்து தொடச்சி, நின்னு, கும்பிட்டுட்டுத்தானே சார் வண்டியவே எடுக்கிற? அதான் உன் சாமிக்கும் ஒண்ணு போட்டேன்.”

நான் கும்பிடவில்லை, பலகை நேராக இருக்கிறதா என்று பார்த்தேன் என்று அவளிடம் எப்படி விளக்குவது? விளக்க நேரமும் இல்லை. எக்ஸ்பிரஸ் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மற்றவை. எதிர்ப் பாதையிலும் நிறுத்தி நிறுத்தித்தான் விட்டார்கள். தாம்பரத்தில் அலுவலகம் போகிற கூட்டம் பிளாட்பாரம் தாங்காமல் நின்றிருந்தது. எங்கள் வண்டி வாழைக்கன்றும் தோரணமுமாக உள்ளே நுழைந்தபோது யாரும் பொரிக்குக் கை நீட்டவில்லை. பாக்கியத்துக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. இலைக்கட்டைக்கூட எடுக்காமல் அப்படியே நின்றாள்.

விசாரணை வரதராஜன் சார் அறையில். நான் நுழைந்ததும் எழுந்து நின்றார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“தாங்கள் செங்கல்பட்டில் பலகையைப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன் சார்.”

“சிங்கப்பெருமாள் கோவிலில் தாங்கள் எங்கே இருந்தீர்கள்?”

“என்ஜின் பக்கம் சார். கன்னு சாஞ்சிருந்தது.”

“ஆக, பலகை மறைந்தது அங்கேதான். விதிப்படி அங்கே தாங்கள் பின்புறம் போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.” சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பிறகு மெதுவாகப் பேசினார். மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது. “பாருங்க ஏகாம்பரம். ஜனங்க செஞ்சதுன்னு போனா உங்க மேல ஒரு கறையும் இல்ல. ஆனா ஓடற வண்டியோட பலகையில பயணிகள் கை வச்சாங்கன்னா மேல என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியல, வண்டியை நிறுத்துன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. அந்தம்மா மேல கேஸும் வரும். ஊழியரோட தப்புன்னு போனா, அது ஊழியரோட போயிடும். நான் உங்களை எதுவும் சொல்லச் சொல்லல. எது எங்க போய் நிக்கும்னு சொல்றேன், அவ்வளவுதான்.”

நான் தியாகியில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இளைஞர்கள் உடனே கைதட்டிவிடுவார்கள். எனக்கு அந்த நேரத்தில் பாக்கியத்தின் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வரவில்லை. விழுப்புரத்து மூட்டைப்பூச்சிக் கட்டில்தான் வந்தது. வண்டி நின்றால் நான் மறுபடி சரக்கு ரயிலுக்குப் போக வேண்டும். தப்பை ஏற்றுக்கொண்டால் ஒரு கண்டனத்தோடு போய்விடும், வண்டியும் இருக்கும், நானும் அதில் இருப்பேன். இதுதான் என் கணக்கு.

“மாலையை நான்தான் போட்டேன் சார்” என்றேன். “ஆயுத பூஜை இல்லையா? என் ஆயுதத்துக்கு நான் போட்டேன்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“டேய், உன் ஆயுதம் கொடி, விசில். பலகைக்கு எவனாவது மாலை போடுவானா? நல்லா யோசிச்சுதான் பேசறியா நீ?”

“போட்டுட்டேன் சார்.”

“மேலே இருக்கறவங்க என்ன செய்வாங்கன்னு நான் உத்தரவாதம் தர முடியாதுடா.”

“பரவாயில்ல சார்.”

வெளியே வந்தால் வராந்தாவில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “நான் உள்ள போயி சொல்லிர்றேன் சார், நாந்தான் போட்டேன்னு” என்றாள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளைப் பிளாட்பாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“நீ வாயைத் திறந்தா வண்டி காலி. மாலை நான் போட்டது. உன் கூட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்லிடு.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எங்களுக்கோசரமா சார் இப்டி சொன்ன?”

“உங்களுக்காக ஒண்ணும் இல்ல. எனக்கு என் வீட்ல தூங்கணும்.”

“பொய் சொல்ற” என்றாள். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மேலிடம் கண்டனத்தோடு நிறுத்தவில்லை. என்னைப் பயணிகள் வண்டியிலிருந்து எடுத்துச் சரக்கு ரயிலுக்கு அனுப்பியது. வரவேண்டிய பதவி உயர்வையும் தள்ளிப்போட்டது. வரதராஜன் சார் உத்தரவை அவரே குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். காபி கூடக் குடிக்கவில்லை. “வண்டி தப்பிச்சுதுடா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் குழாயடியில் போய் நின்றேன். அன்றைக்குத் தண்ணீரும் வரவில்லை.

வீட்டில் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸ் சுவருக்குக் காது மட்டும் இல்லை, வாயும் உண்டு. விஷயம் வெளியே போனால் வரதராஜன் சாருக்கும் தலைவலி, பாக்கியத்துக்கும் தலைவலி. காலனியில் எனக்கு ‘மாலை கார்டு’ என்று பெயர் வந்துவிட்டது. பலகைக்கு மாலை போட்டு ஊரையே நிறுத்தின ஆள். மைதிலியைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்திருக்கிறார்கள். ஒரு பையனைக் கிள்ளிவிட்டு வந்து நின்றாள்.

“அப்பா, அந்த மாலை நீங்க போட்டதா? இல்லன்னு சொல்லுங்க.”

“நான்தான் கண்ணு.”

அந்தப் பையனை வீணாகக் கிள்ளிவிட்டோமே என்கிற மாதிரி ஒரு முகம். அந்த முகத்தோடு போய் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு நாள் கருங்குழியில் என் சரக்கு ரயிலை ஓரப் பாதையில் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். மதுராந்தகம் வண்டி எங்களைக் கடந்து போனது. வேறு கார்டு, அதே கூட்டம். என்னைக் கண்டதும் ஜன்னலெல்லாம் கையாக முளைத்தது. “சார்! மாலை சார்!” என்று பாக்கியம் அடித்தொண்டையில் கத்தினாள். நானும் கொடியை ஆட்டினேன். வண்டியின் முதுகில் பலகை நேராக இருந்தது. பொறாமையாக இருந்தது எனக்கு, ஆனாலும் பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டேன். ஓடுகிறதே, அது போதும்.

அதுவும் நீடிக்கவில்லை. அடுத்த கால அட்டவணை வந்தபோது அதில் அந்த வண்டி இல்லை. யாரும் அறிவிக்கவில்லை. பெட்டிகள் வேறு பகுதிக்குத் தேவைப்பட்டன, எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான் வரதராஜன் சாரிடம் ஓடினேன். “மாலையாலயா சார்?” என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார். “பெட்டியை எடுத்தப்ப அந்த விசாரணைக் காகிதத்தையே யாரும் புரட்டிப் பார்க்கலடா. மாலை விழுந்திருந்தாலும் விழாட்டியும் பெட்டி போயிருக்கும்” என்றார். என் மேல் தப்பு என்று அவர் சொல்லியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. நான் எதைக் கொடுத்து எதை வாங்கினேன்? ஒன்றையும் வாங்கவில்லை. சில மாதங்கள் ஓடியிருக்கும், அதுவும் நான் பழியை ஏற்காவிட்டாலும் ஓடியிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், மைதிலி காலேஜில் படிக்கும்போது, அவளோடு பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய மேஜை ஒன்று வாங்க வேண்டும் என்றாள். பூச்செடிக் கடைகளுக்கு நடுவில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. வண்டி நின்ற பிறகு பல்லாவரத்திலேயே ஒரு ரூம் எடுத்துக்கொண்டாளாம். பிள்ளைகள் தங்கச்சியிடமே வளர்ந்துவிட்டார்கள். “பெரியவன் என்ன வாங்க போங்கன்றான் சார். நான் இன்னா விருந்தாளியா?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் மைதிலியைப் பார்த்தாள். “உம் பொண்ணா? வாம்மா இங்க, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்” என்று கூப்பிட்டாள். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் கேட்கவில்லை. “அந்த மாலை உங்கப்பா போடல கண்ணு, நாந்தான் போட்டேன். உங்கப்பா என்ன காப்பாத்தினாரு. எத்தினி வருசமா இது நெஞ்சுல குத்திகினு கீது தெரியுமா?” என்று மைதிலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு தானாகவே வெளியே வந்துவிட்டது, நல்லதுதான் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவே இருந்தது. மைதிலி அவள் கையைத் தட்டிக்கொடுத்து, “சரிம்மா, சரிம்மா” என்றாள்.

திரும்பும்போது ரயிலில் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். குரோம்பேட்டை தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“எவ்வளவு நல்ல மனசுப்பா அந்தம்மாவுக்கு! உங்களுக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்கறாங்க. நீங்க ஆனா அத ஒத்துக்காதீங்கப்பா. நீங்க செஞ்சத அவங்க தலையில கட்டிடாதீங்க.”

நான் வாயைத் திறந்தேன். நான்தான் என்று நானே சொன்னதை வைத்து அவள் என்னைப் புரிந்துகொண்டு வளர்ந்துவிட்டாள். அதை இப்போது மாற்றிச் சொன்னால் என்னை இன்னும் கீழான ஆளாக நினைப்பாள். அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தால் ஜன்னலுக்கு வெளியே காட்டி, இதோ பார், இதற்காகத்தான் என்று சொல்லியிருப்பேன். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சானடோரியம் வந்தது, தாம்பரம் வந்தது, இறங்கினோம்.

மைதிலிக்குக் கல்யாணமாகி, இப்போது பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள், அதில் குறை சொல்ல முடியாது. எல்லோரும் சேர்ந்து வெளியே கிளம்பினால் நான் கதவைப் பூட்டுவேன். பூட்டி, அந்தக் காலத்தில் பலகையை இழுத்துப் பார்த்தது போலவே இழுத்துப் பார்த்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கேட் வரை வந்துவிடுவேன். “ஒரு நிமிஷம்ப்பா” என்று சொல்லிவிட்டு அவள் படியேறிப் போய் அந்தப் பூட்டை மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள்.